எல்.எல்.எம். சீட்டை விட்டால் கட்டிய பணம் எவ்வளவு திரும்பும்?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் ஆள் கணக்கு, சம்பளம், தொழிலாளர் விவகாரம் பார்க்கிறேன். சேலத்தில் சட்டம் படித்தேன். வேலையில் இருப்பதால் வக்கீலாகப் பதிவு செய்யவில்லை. சமரசம், நடுவர் தீர்ப்பு முதலான மாற்றுமுறைத் தகராறு தீர்வில் இரண்டு ஆண்டு எல்.எல்.எம். என்ற முதுநிலைச் சட்டப் படிப்பு படிக்க, சென்னைப் பக்கம் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஜூலை கடைசியில் சேர்ந்தேன். சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு என்று அட்மிஷன் ஆலோசகர் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தார். முதலாண்டுக் கட்டணம் ரூ.1,30,000, நூலகம், தேர்வு, இதர வகை ரூ.15,000, காஷன் டெபாசிட் என்ற பிணைத்தொகை ரூ.10,000 கட்டினேன். இதில் ரூ.1,00,000 வங்கிக் கல்விக் கடன். போன பிறகுதான் வாரம் ஐந்து நாள் நேர் வகுப்பு என்று தெரிந்தது. போனில் விலகுகிறேன் என்றதற்கு, “சீட்டுக்கு வேறு ஆள் வந்தால்தான் பணம், இரண்டாம் ஆண்டு ஃபீஸையும் கட்டினால்தான் ஒரிஜினல் சர்டிஃபிகேட்” என்கிறார்கள். அட்மிஷனுக்கு அவர்கள் அறிவித்த கடைசித் தேதி ஆகஸ்ட் 31. இந்த மாதக் கணக்கை முடித்துவிட்டு நேரில் போய்ப் பேசலாம் என்றிருக்கிறேன். எவ்வளவு பணம் வரும்? சேலத்திலேயே சமரசராக வேலை பார்க்க வேறு எந்தப் படிப்பு சரிவரும்? ஆன்லைன் எல்.எல்.எம். இருப்பதாகத் தோழி சொல்கிறாள்.
வாசகி, ஏற்காடு, செப்டம்பர் 9

பதில்: மாதக் கடைசிவரை காத்திருக்காதீர்கள். இதை மட்டும் உங்கள் கடிதம் வந்த அன்றே மின்னஞ்சலில் சொல்லிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கட்டணத்தைத் திருப்பித் தருவது கல்லூரியின் கருணையைப் பொறுத்த விஷயம் அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மத்திய, மாநில, தனியார் பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த கல்லூரிகள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அதற்குள் வரும். இளநிலை, முதுநிலை, ஆராய்ச்சி எல்லாப் படிப்புக்கும் ஒரே கணக்குதான்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் சேர்ந்த நாளிலிருந்தோ வகுப்பு தொடங்கிய நாளிலிருந்தோ நாள் எண்ணக் கூடாது. கல்லூரி முறைப்படி அறிவித்த அட்மிஷன் கடைசித் தேதிதான் நடுக்கோடு. அதற்கு 15 நாளோ அதற்கும் மேலோ இருக்கும்போதே விலகினால் முழுக் கட்டணமும் திரும்பும். செயலாக்கச் செலவு என்று 5 சதவீதம் வரை பிடிக்கலாம், ஆனால் அது ரூ.5,000-ஐத் தாண்டக் கூடாது. கடைசித் தேதிக்கு 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். தேதி கடந்து 15 நாளுக்குள் 80 சதவீதம். 16-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாள் வரை 50 சதவீதம். 30 நாள் தாண்டினால் ஒன்றும் கிடையாது.

சதவீதத்தைப் போட வேண்டியது படிப்புக் கட்டணத்துக்கு மட்டுமல்ல. நூலகம், தேர்வு, இதர வகை எல்லாம் சேர்ந்த தொகைக்கு. காஷன் டெபாசிட் இந்தக் கணக்கிலேயே வராது. எந்த நாளில் விலகினாலும் அது முழுதாகத் திரும்ப வேண்டும். உங்கள் கணக்கில் சதவீதம் போட வேண்டிய தொகை ரூ.1,45,000. ஆகஸ்ட் 16-க்குள் விலகியிருந்தால் ரூ.1,40,000 வந்திருக்கும். செப்டம்பர் 15-க்குள் உங்கள் விலகல் விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போனால் ரூ.1,16,000. 16-ஆம் தேதி ஆகிவிட்டால் ரூ.72,500. கணக்கை முடித்துவிட்டு அக்டோபர் 1-ஆம் தேதி நீங்கள் சென்னைக்குப் பஸ் ஏறினால், கையில் வரப்போவது டெபாசிட் பத்தாயிரம் மட்டும்தான்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சில ஆண்டுகளில் யுஜிசி இந்த அட்டவணையைவிடச் சலுகையான சுற்றறிக்கை விடுகிறது. 2024-25 கல்வியாண்டுக்கு, செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப் பணம், அக்டோபர் 31 வரை விலகினால் அதிகபட்சம் ரூ.1,000 பிடித்தம் என்று சொன்னது. நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கும் அப்படி ஒன்று வந்திருக்கிறதா என்று யுஜிசி இணையதளத்தின் அறிவிப்புப் பக்கத்தில் தேடுங்கள். இருந்தால் முழுப் பணத்தையே கேளுங்கள், இல்லையென்றால் 80 சதவீதம். தேடுவதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிப் போட வேண்டாம். “யுஜிசியின் நடப்புச் சுற்றறிக்கை, 2018 அறிவிக்கை இரண்டில் எது எனக்கு அதிகம் தருகிறதோ அதன்படி” என்று எழுதினால் போதும்.

இனி விண்ணப்பம். போனில் சொன்னது கணக்கில் வராது. ஆலோசகருக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பும் வராது. அவர் பெரும்பாலும் கமிஷன் ஆள், பல்கலைக்கழக ஊழியராகக்கூட இருக்க மாட்டார். பதிவாளருக்கு முகவரியிட்டு, துறைத் தலைவருக்கும் நிதி அலுவலருக்கும் நகல் போட்டு, பல்கலைக்கழகத்தில் நீங்கள் பதிவு செய்த அதே மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். மாணவர் போர்ட்டலில் விலகல் படிவம் இருந்தால் அதையும் நிரப்பி, தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கையெழுத்திட்ட தாளை ஏற்காடு தபால் நிலையத்திலேயே ஸ்பீட் போஸ்டில் போடலாம். விநியோகச் சான்றும் கேட்டு வாங்குங்கள். மின்னஞ்சல் தேதியை நிலைநிறுத்தும், தபால் “எங்களுக்கு மெயில் வரவில்லை” என்ற சாக்கை அடைக்கும். இரண்டுமே வேண்டும்.

கடிதம் ஒரு பக்கம் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதுங்கள், சாரம் இவ்வளவுதான்:

“இன்ன பதிவெண் கொண்ட நான், இன்ன படிப்பிலிருந்து இன்றைய தேதியிலிருந்து விலகுகிறேன். இன்ன ரசீது எண்களின்படி ரூ.1,55,000 செலுத்தியுள்ளேன். அறிவிக்கப்பட்ட சேர்க்கைக் கடைசித் தேதி ஆகஸ்ட் 31. யுஜிசி விதிப்படி திருப்ப வேண்டிய கட்டணத்தையும், காஷன் டெபாசிட் ரூ.10,000-ஐ முழுமையாகவும் இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் கீழ்க்கண்ட கணக்குகளில் செலுத்தவும். என் அசல் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ் ஆகியவற்றைத் திருப்பித் தரவும்.”

“தற்காலிகமாக”, “யோசித்துக்கொண்டிருக்கிறேன்”, “முடிந்தால்” போன்ற சொற்கள் கடிதத்தில் எங்கேயும் வேண்டாம். அப்படி ஒரு சொல் இருந்தால் அதை விலகல் கடிதம் இல்லை, விசாரிப்புக் கடிதம் என்று வாதிடுவார்கள். வார இறுதி வகுப்பு என்று ஏமாற்றிய கதையைத் தனிப் பத்தியில் இரண்டே வரியில் சொல்லி, வாட்ஸ்அப் பதிவின் நகலை இணையுங்கள். பணக் கணக்கு அதைச் சார்ந்து நிற்கவில்லை என்றாலும், பின்னால் புகார் என்று போனால் உங்கள் பக்கத்துக்குக் கனம் சேர்க்கும். ரசீதுகளின் நகலை மட்டும் அனுப்புங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும்.

கணக்குகள் என்று பன்மையில் எழுதச் சொன்னதற்குக் காரணம் உங்கள் கல்விக் கடன். வங்கி கொடுத்த பணம் நேரே கல்லூரிக்குப் போயிருக்கும். திரும்பி வருவதும் முதலில் கடன் கணக்குக்குத்தான் போக வேண்டும். உங்கள் சேமிப்புக் கணக்கில் விழுந்து செலவாகிவிட்டால் கடன் தொகையை வேறு வழியில் பயன்படுத்தியதாக ஆகும். எனவே கடன் கணக்கு எண்ணையும் கிளையையும் எழுதி, ரூ.1,00,000 அங்கேயும் மீதி உங்கள் கணக்குக்கும் என்று பிரித்துக் கேளுங்கள். வங்கி மேலாளருக்கும் அதே நாளில் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை இல்லை என்ற ஏற்பாடு, படிப்பே நின்றுவிட்டால் அப்படியே தொடராது. வட்டி மானியம் வாங்கியிருந்தால், பாதியில் விட்டவர்களுக்கு அது நிற்கும். உடல்நலக் காரணத்துக்குத்தான் விலக்கு. இதை வங்கியிடம் நீங்களே போய்ப் பேசிவிடுவது நல்லது.

இனி அவர்கள் சொன்ன இரண்டு சாக்குகள். சீட்டுக்கு வேறு ஆள் வந்தால்தான் பணம் என்பது பழைய காலத்து ஏற்பாட்டின் மிச்சம். 2018 அட்டவணையில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. இரண்டாம் ஆண்டு ஃபீஸ் என்பது இன்னும் மோசம். ஒரு செமஸ்டர் அல்லது ஒரு ஆண்டுக்கு மேல் முன்பணம் வசூலிக்கக் கூடாது என்று அதே அறிவிக்கை சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 2003-இல் இஸ்லாமிக் அகாடமி வழக்கில் இதே கருத்தைச் சொல்லியிருக்கிறது. நீங்கள் படிக்காத இரண்டாம் ஆண்டுக்குக் காசு கேட்க அவர்களுக்கு வழியில்லை. அசல் சான்றிதழைப் பொறுத்தவரை, சேரும்போது உங்கள் முன்னிலையிலேயே சரிபார்த்து அப்போதே திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ள வேண்டியது சுய சான்றொப்பமிட்ட நகல்களை மட்டுமே. வைத்துக்கொண்டதே விதிமீறல், அதைப் பிணையாக்கிப் பணம் கேட்பது அதற்கும் மேல்.

நடைமுறையில் இன்னும் சில பொறிகள் வைப்பார்கள். பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவத்தில் நூலகம், விடுதி, அடையாள அட்டை என்று எல்லாக் கையெழுத்தும் வாங்கிய தேதிதான் விலகல் தேதி என்பார்கள். அந்தக் கையெழுத்து வாங்கவே இரண்டு வாரம் இழுத்தடித்தால் 80 சதவீதம் 50 ஆகிவிடும். பணம் திருப்ப வேண்டிய 15 நாள் எழுத்து விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. நோ டியூஸை வாங்குங்கள், ஆனால் அதன் தேதியை ஏற்காதீர்கள். அடுத்தது, ‘முழுமையான, இறுதித் தீர்வு’ என்று அச்சிட்டுத் தொகை இடத்தை வெறுமையாக விட்ட தாள். நேரில் சான்றிதழ் வாங்கப் போகும்போது இதை நீட்டுவார்கள். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட வேண்டாம். சான்றிதழைப் பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் தனியே எழுதிக் கொடுங்கள். “பணத்தை அடுத்த ஆண்டு சேர்க்கைக்கு வரவு வைக்கிறோம்” என்ற பேச்சுக்கும் இடம் கொடுக்க வேண்டாம்.

செப்டம்பர் 10-ஆம் தேதி விண்ணப்பம் சேர்ந்திருந்தால் 25-ஆம் தேதிக்குள் பணம் வர வேண்டும். வரவில்லையென்றால் சண்டைக்குப் போகாமல் படிப்படியாகப் போங்கள். 2023-இல் வந்த மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைப்படி எல்லாப் பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். அதற்கு எழுதினால் 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது விதி. அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்பர்சன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவருக்கு 30 நாள். கூடவே யுஜிசியின் இ-சமாதான் போர்ட்டலில் புகார் போட்டு எண் வாங்கி வையுங்கள். அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய இரண்டாவது கடிதத்துக்குக் கல்லூரிகள் பதில் சொல்லும் தொனியே வேறு.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று பலரும் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கல்வி நிறுவனம் தருவது சேவை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் பி.டி.கோஷி வழக்கில் சொன்னதை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகங்கள் முதல் வாய்தாவிலேயே ஆட்சேபணை போடும், வழக்கு அதிலேயே சிக்கும். அதைவிட, அஸ்தம்பட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய மனு ஒன்று கொடுத்துப் பாருங்கள். செலவில்லை. பெண் என்பதாலேயே வருமானம் பார்க்காமல் உங்களுக்கு இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு. ஆணைக்குழு எதிர்த்தரப்புக்கு அழைப்பு அனுப்பும். வந்து ஒத்துக்கொண்டால் மக்கள் நீதிமன்றத்தில் தீர்வாகப் பதிவாகும், அதன் மேல் அப்பீல் கிடையாது. வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்பது இதன் பலவீனம். எதற்கும் மசியவில்லை என்றால் சென்னை உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். சேலம் மாவட்டம் மதுரைக் கிளைக்குள் வராது, சென்னைக்குத்தான் போக வேண்டும். ஒரு லட்சத்துச் சொச்சத்துக்காக அதுவரை போவது கடைசி வழி. சான்றிதழையும் தராமல் அடைத்து வைத்தால் மட்டும் யோசியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதுவரை சொன்னதெல்லாம் பல்கலைக்கழகத்துக்கும் இணைப்புக் கல்லூரிக்கும்தான். நடுவர், சமரசப் பயிற்சி என்று விளம்பரம் செய்து சான்றிதழ் கொடுக்கும் தனியார் பயிற்சி நிறுவனங்கள் யுஜிசி வரம்புக்குள் வரமாட்டா. அங்கே நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் பேசும். நுகர்வோர் வழி அங்கே பயன்படும்: நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சேலம் ஆணையத்திலேயே, மனு போடலாம், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இப்போது அடுத்த படிப்பு. ஆன்லைன் எல்.எல்.எம். பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். யுஜிசியின் 2020 ஒழுங்குமுறைப்படி தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியலில் சட்டம் இருக்கிறது. ‘எக்ஸிக்யூட்டிவ்’, ‘ப்ரொஃபஷனல்’ என்று அடைமொழி போட்டு விற்பதைக் காசு கொடுத்து வாங்கினால், கையில் காகிதம் இருக்கும், பேராசிரியர் வேலைக்கோ பி.எச்டி.க்கோ அது உதவாது. டிப்ளமோ விஷயம் வேறு. ஹைதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழகம் மாற்றுமுறைத் தகராறு தீர்வில் ஓராண்டு டிப்ளமோவைத் தொலைநிலையில் நடத்துகிறது. வேலையை விடாமல் படிக்க நினைக்கும் உங்களுக்கு அந்த வகைதான் பொருந்தும். கல்லூரியில் கற்பிக்கும் எண்ணம் இருந்தால் மட்டுமே முழுநேர எல்.எல்.எம்.முக்கு வேலையை விடலாம்.

அதே நேரம், எந்தப் பட்டமும் உங்களை நேரே சமரசராக ஆக்காது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் சமரசர் ஆக உச்ச நீதிமன்றத்தின் சமரசக் குழு வகுத்த 40 மணி நேரப் பயிற்சிதான் அடிப்படை. இந்த ஏற்பாட்டில் உங்கள் ஊருக்கே ஒரு பங்கு இருக்கிறது. வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பும் சிவில் நடைமுறைச் சட்டப் பிரிவு 89 நடைமுறைக்கு வந்தபோது, அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது சேலம் வழக்கறிஞர் சங்கம். 2002-லும் 2005-லும் வந்த அந்தத் தீர்ப்புகளின் வழியாகத்தான் நீதிபதி ஜகந்நாத ராவ் குழு தயாரித்த மாதிரி சமரச விதிகள் நாட்டுக்குக் கிடைத்தன. எந்த ஊரில் இந்தப் பாடத்தைப் படித்தாலும் ‘சேலம் பார்’ வழக்கு முதல் வாரத்திலேயே வந்துவிடும். 2005 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தில் திறந்த மையம்தான் நாட்டின் முதல் நீதிமன்றச் சமரச மையம்.

அந்த மாதிரி விதிகள் சமரசர் பட்டியலுக்கு 15 ஆண்டு வழக்கறிஞர் அனுபவத்தையோ, வேறு துறையில் 15 ஆண்டு அனுபவத்தையோ கேட்டன. வக்கீலாகப் பதிவு செய்யாத உங்களுக்கு இரண்டாவது வழிதான். எனவே எஸ்டேட்டில் தொழிலாளர் பேச்சுவார்த்தையில் உட்காரும் ஒவ்வொரு வருடத்தையும் அனுபவச் சான்றாக எழுதி வாங்கி வையுங்கள். 2023-இன் சமரசச் சட்டம் வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். அந்த ஆண்டு அக்டோபர் 9-ஆம் தேதி அதன் சில பிரிவுகள்தான் நடைமுறைக்கு வந்தன. சமரசர் பதிவை முறைப்படுத்த அந்தச் சட்டம் சொல்லும் கவுன்சிலைக் காட்டி, “எங்கள் படிப்பில் சேர்ந்தால் பதிவு நிச்சயம்” என்று சொல்லும் நிறுவனத்திடம் அதை எழுத்தில் கேளுங்கள். தர மாட்டார்கள். நடுவராவதற்கும் இன்று சட்டம் தனித் தகுதி எதுவும் கேட்பதில்லை; 2019-இல் சேர்த்த தகுதிப் பட்டியலைப் பின்னால் நீக்கிவிட்டார்கள். “இந்த டிப்ளமோ இல்லாமல் நடுவராக முடியாது” என்பதும் விற்பனைப் பேச்சுதான்.

மறுபடி எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் மின்னஞ்சலில் ஐந்து பதில் வாங்குங்கள்: வகுப்பு எந்த நாளில், நேரிலா இல்லையா, வருகைப் பதிவு எத்தனை சதவீதம், அறிவித்த அட்மிஷன் கடைசித் தேதி எது, விலகினால் எவ்வளவு திரும்பும். ‘புக்கிங்’, ‘பதிவு’ என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கணக்குக்கு மட்டும் கட்டி, டெபாசிட்டைத் தனி வரியில் காட்டிய ரசீது கேளுங்கள். முதல் செமஸ்டருக்கு மேல் ஒரு ரூபாயும் முன்னால் கட்ட வேண்டாம். உங்களுக்கென்று இன்னொன்று: சேர்வராயன் மலையில் அராபிகா பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை போகும், முதல் செமஸ்டர் தேர்வும் அந்தச் சமயத்தில்தான் வரும். தேர்வுக் கால அட்டவணையைக் கேட்டு, அந்த வாரங்களுக்கு எஸ்டேட்டில் இப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சேருங்கள்.